நிச்சயமான ஜோடி

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
"நிச்சயமான ஜோடி, தங்கச்சி" என்று
பையை ரியூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினார் ஃபாயிஸ் நானா.
கறுப்புக் கோடு போட்ட ஏஞ்சல் மீன்கள்,
ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும்.
நூறாம் இலக்க பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் மிச்சக்காசை மறந்து
அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளவத்தை, கடல்பக்கம், மூன்றாம் மாடி.
தளம் இறங்கிவிடுமோ என்று வீட்டுக்கார அன்ரிக்குப் பயம்.
ஜெசிந்தா கணக்குப் போட்டுச் சொன்னாள்:
தண்ணியோட நூற்று நாற்பது கிலோ அன்ரி,
உங்கட அலுமாரியை விடக் குறைவு.

முட்டையிட ஒரு சிலேட்டுத் துண்டு வைத்தோம்.
ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
குளியலறை ரைல் ஒன்றை உடைத்து வைத்தோம்.
அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.
கடைசியில் அவை தெரிந்தெடுத்தது
வெப்பமானி ஒட்டியிருந்த மூலைக்கண்ணாடி.
இரண்டு நாள் வாயால் தேய்த்தன.
பிறகொரு ஞாயிறு மத்தியானம்
வரிசை வரிசையாய், கோடு பிசகாமல்,
இலக்கங்களின் மேலேயே இட்டுவிட்டன.
இருபத்தாறு பாகையா, இருபத்தெட்டா?
அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரியாது.

பாணந்துறை ரயில் போகும்போது
தொட்டித் தண்ணீர் சுருங்கி விரியும்.
அப்போதும் செட்டை வீசுவதை நிறுத்தவில்லை,
ஒன்று களைத்தால் மற்றது.

மூன்றாம் நாள் எல்லாம் வெள்ளை.
பழைய பாணில் பூக்குமே, அந்தப் பஞ்சு.

குழாய்த் தண்ணீரைக் குற்றம் சொன்னோம்.
வாளியில் இரண்டு நாள் வைத்து ஊற்றினோம்.
விளக்கைக் குற்றம் சொன்னோம், பழைய சேலையால் மூடினோம்.
கடற்கரை வீதியில் கொட்டாங்காய் இலை பொறுக்கிப் போட்டோம்,
தண்ணீர் பிளேன்ரீ நிறமாயிற்று.
ஆய்வுகூடத்திலிருந்து ஜெசிந்தா
ஊசிக்குழாயில் மெதிலீன் நீலம் கொண்டுவந்தாள்.
அது அவள் சின்னிவிரலில் பிடித்துக்கொண்டு போகவேயில்லை.
கோவிலில் யாரோ கேட்டார்களாம்,
"எங்க பிள்ளை, எலக்‌ஷனா?"

இரண்டாந் தடவை வெள்ளை.
மூன்றாந் தடவையும்.
நாலாந் தடவை முட்டை காவலில் இருக்கையில்
பேசாலையிலிருந்து அவள் அம்மா எடுத்தா.
பெடியன் கனடாவாம், குடிப்பழக்கம் இல்லையாம்.
ஒரு கையில் போன், மறுகையில் வலை.
"அம்மா, இஞ்ச முட்டை விட்டிருக்கு,
பிறகு எடுக்கிறன்" என்றாள்.

முறைப்பாட்டுக்கு ஃபாயிஸ் நானாவே வீடு வந்தார்.
சறத்தை மடித்துக் குந்தி
போன் வெளிச்சத்தைக் கீழிருந்து பிடித்தார்.
முதலில் சிரித்தார்.
"ரெண்டும் பொட்டை, தங்கச்சி."
முட்டை ஏன் இவ்வளவு என்று
எனக்கு ஒருநாளாவது உறைத்திருக்க வேண்டும்.
கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஒன்று இட்டுப்போக,
பின்னால் வந்ததும் நிரப்ப அல்ல, இடத்தான் வந்திருக்கிறது.

"எண்ட பிழைதான். ஒண்டைத் தாங்க,
நல்ல ஆணொண்டு மாத்தித் தாறன். காசு வேணாம்."
வலையும் பையும் கொண்டே வந்திருந்தார்.

நான் தொட்டி மூடியைப் பிடித்தபடி நின்றேன்.
திறக்கவும் இல்லை.
ஜெசிந்தா குசினியிலிருந்து கேட்டாள்,
"நானா, தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை?"
அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒரே அறையில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்தார்.
"ரெண்டு" என்றார்.
குடித்துவிட்டு
வலையை நனைக்காமலே கொண்டுபோனார்.

நேற்று ஐந்தாந் தடவை.
அதே மூலை, அதே இலக்கங்களின் மேல்.
என் கொப்பியில் திகதி எழுதினேன்,
வெப்பம் என்ற நிரலில் ஒரு கேள்விக்குறி.
பொரித்தது என்ற நிரல்
மேலிருந்து கீழாகப் பூச்சியம்.
அதில் இம்முறை
நாளைக்கு வாங்கவேண்டியதை எழுதிவைத்தேன்:
வெங்காயம், மெழுகுதிரி,
இன்னொரு வெப்பமானி.