விண்வேலி

பொரளைச் சந்தியில் பதாகை கட்டியிருக்கிறார்கள்.
சிங்களத்தில் சரி. ஆங்கிலத்தில் சரி.
தமிழில் மட்டும்
‘முதல் விண்வேலி வீராங்கனைக்கு வாழ்த்துகள்.’
போனில் படம் எடுத்து அனுப்பினேன்.
பயிற்சி நடக்கும் குளிர்நாட்டிலிருந்து
ராத்திரி ஒன்றரைக்குப் பதில் வந்தது:
‘விடுங்க பெனில்டஸ்.
கீழ எத்தனை வேலி பாத்தாச்சு,
மேல ஒண்டு இருக்கட்டும்.’

தாட்சாயணி அருமைநாயகம். மயக்க மருந்து டொக்டர்.
பதினொரு வருசம்
நான் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வருவேன்,
அவர் தலைமாட்டில் நிற்பார்.
வெட்டுகிறவர்களுக்கு வயிறு தெரியும், முழங்கால் தெரியும்.
அவருக்கு முகம்.
அதுவும் தலைகீழாக:
நெற்றி கீழே, நாடி மேலே,
கண்ணீர் காதுக்குள் இறங்கும்.
அந்தப் பக்கத்தால் பார்த்தால்
மந்திரியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே சாடை என்பார்.
ஒருநாள் கன்ரீனில்
மாலு பாணைப் பிய்த்தபடி சொன்னார்:
‘அங்க மேல் கீழ் எண்டு ஒண்டும் இல்லையாம்.
எனக்குப் பழக்கம்தானே.’
நான் சிரித்தேன்.
விண்ணப்பம் போயிருந்தது எனக்குத் தெரியாது.

பத்திரிகைக்காரர் வந்து
சொந்த ஊர் எது என்று கேட்டார்கள்.
வெள்ளவத்தை, ராமகிருஷ்ணா வீதிப் பக்கம்,
ரயில் போனால் கோப்பை குலுங்கும் வீடு என்றேன்.
அது இல்லை, அதற்கு முந்தி என்றார்கள்.
அதற்கு முந்தி
நான் அவரைக் கேட்டதில்லை.

நேற்று இரவு ஏழு ஐம்பது.
காலிமுகத்திடலில் பெரிய திரையாம்,
வடைக்காரருக்கு எண்ணெய் முடிந்துபோனதாம்.
எங்கள் கன்ரீன் டிவிக்கு முன்னால்
கால் வைக்க இடமில்லை.
அந்த நேரம் பார்த்துக் கேஸ் வந்தது:
மருதானையில் முச்சக்கரவண்டி கவிழ்ந்து
ஜிந்துப்பிட்டி காசிலிங்கம், நாற்பத்தாறு வயது,
மண்ணீரலில் ரத்தம்.
தலைமாட்டில் டொக்டர் ருக்‌ஷானா.
‘பத்திலிருந்து பின்னுக்கு எண்ணுங்க.’

பத்து என்றார் காசிலிங்கம்.
ஒன்பது.
கன்ரீனிலும் எண்ணுகிறார்கள், மூன்று மொழியில்,
சுவரால் கேட்கிறது,
இவருக்குக் கொஞ்சம் பிந்தி.
எட்டு.
ஏ
ஏழுக்கு அப்பால் யாரும் போனதில்லை
எங்கள் மேசையில்.
சுவருக்கு அந்தப் பக்கம் பூச்சியம் வரைக்கும் போனார்கள்.
பிறகு ஒரு சத்தம்,
யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
மொனிட்டரில் பச்சைக் கோடு
தன்பாட்டில் மேடு, பள்ளம், மேடு.
ஒருவரும் தலை நிமிரவில்லை.
‘உறிஞ்சி’ என்றார் சத்திர டொக்டர்.
நான் குழாயை நீட்டினேன்.

விடிய நாலு மணிக்குக் காசிலிங்கம் கண் விழித்தார்.
‘என்ன சத்தம் அப்ப?’
‘நம்ம டொக்டர் ஒருத்தர் மேல போனாங்க.’
‘ஐயோ.’
உலர்ந்த நாக்கால் உதட்டைத் தேடினார்.
‘சின்ன வயசா? எப்ப எடுக்கிறாங்க?’
தையல் புதிது, சிரிப்பு தொற்றிவிடும் என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
‘எடுக்கல்ல ஐயா. பதினாலாம் திகதி இறங்குறாங்க.’
சுழலும் விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
‘மயக்கம் தெளியல்ல எனக்கு’ என்றார்,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.
திரும்பவும் தூங்கிப்போனார்.

தியேட்டர் வாசலில் செருப்புத் தட்டு.
நாலாவது குழியில் ஒரு பச்சை ரப்பர் சோடி,
மார்க்கரால் அ.தா. என்று எழுதியது.
இடது குதி மட்டும் தேய்ந்திருக்கிறது.
நீண்ட கேஸ்களில்
ஒரு காலில் பாரத்தைப் போட்டுத்தான் நிற்பார்.
இப்போது அதை
எங்கே போடுகிறாரோ.

கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
ஏழு மணி.
அடுத்த கட்டில்.