குமிழின் எட்டு மணி

மழை விட்ட மறுநாள்தான் இந்தக் கேஸ்கள் வரும்.
போர்த்தோவில் அப்படி ஒரு மறுநாளுக்காக
சில மாதம் காத்திருக்கவும் நேரும்.

அதேரித்து மாடிப்படி ஏறி வந்தார்,
ஆம்ப்ளிஃபயரைக் கம்பளியில் சுற்றி,
காய்ச்சல்காரக் குழந்தையை ஏந்தி வருபவர்போல.
"இடதுபக்கம் கரகரக்குது. சில நேரம் ஆளே இல்ல.
தட்டினா வருது."
எத்தனை நாளாய்த் தட்டுகிறீர்கள்?
"ரெண்டு வருஷம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு,
உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காப்பி குடித்தோம்.
அவசரப்பட்ட ஒரு நாளின் வெள்ளைத் தழும்பு
என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

மூடியைக் கழற்றினால்
தூசி, செத்த அந்துப்பூச்சி ஒன்று,
ரொட்டித் தூள்.
ரொட்டியா?
அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

குமிழின் முதுகில் ஊசி நுழையும் சந்து.
அதில் ஒரு பீய்ச்சு ஸ்பிரே.
இந்தக் கோடி தொட்டு அந்தக் கோடிவரை
முப்பது திருப்பு, மணிக்கட்டு வலிக்க.
பாதி நோய் ஈரமும் சிகரெட் புகையும்தான்.
மீதிப் பாதிக்குத்தான் எனக்குக் கூலி.

கரகரப்பு போனது. ஊமை போகவில்லை.
எட்டு மணியில் முள் நிற்கும் இடத்தில்
இடது காது செத்துவிடுகிறது.
எட்டரையில் பிழைக்கிறது,
எட்டே முக்காலில் மறுபடி சாவு.

குமிழுக்கு முந்தின கெபாசிட்டர்மேல் சந்தேகம்.
அது கசிந்தால் கழுவக் கழுவக் கரகரக்கும்;
தப்பு அதனுடையது, அடி குமிழுக்கு.
மீட்டர் வைத்தேன். சுழியம்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
ஈயத்தை உருக்கி, குமிழைப் பிடுங்கி,
தகர வயிற்றின் காதுகளை நிமிர்த்தித் திறந்தேன்.

லாட வடிவில் கரித்தடம்.
பத்து மணி முதல் ஐந்து மணிவரை
தொழிற்சாலைக் கறுப்பு, ஒரு கீறல் இல்லை.
எட்டு மணியருகே மட்டும்
ஆள் நடந்து நடந்து புல் செத்த ஒற்றையடிப்பாதை.
கரி தேய்ந்து அடியட்டை பழுப்பாய்த் தெரிகிறது.
இதைக் கழுவ ஸ்பிரே கிடையாது.

லென்ஸை நீட்டினேன்.
சத்தமாக வைத்ததே இல்லையா நீங்கள்?

வெகுநேரம் குனிந்திருந்தார்.
"பெலிஸ்மினாவுக்கு ராத்திரியெல்லாம் ரொட்டி அடுப்புல வேலை.
காலையில ஏழுக்கு வந்து படுப்பா.
எங்க சுவர் அட்டை மாதிரி.
எனக்குக் கேக்கணும், அவளுக்குக் கேக்கக் கூடாது.
அந்த இடம் ஒரு மயிரிழை.
பதினேழு வருஷமா விரல் தானா அங்கதான் போகும்."
பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல:
"வந்ததும் எனக்கொரு ரொட்டிய இதுமேல வெச்சுட்டுத் தூங்குவா.
ஆறாம இருக்கும்."

புதுக் குமிழ் வர மூன்று வாரம்.
அதுவும் எட்டு மணியிலேயே தேயும்.
டப்பாவைக் கிளறி ரெசிஸ்டர் ஒரு ஜோடி எடுத்தேன்,
வருகிற ஒலியை வாசலிலேயே மறித்து
முப்பதில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட.
இனி அந்தப் பழைய மெதுவு
பன்னிரண்டு மணியில் இருக்கும்,
யாரும் நடக்காத கரியில்.

சோதிக்கச் சொன்னேன்.
விரல் எட்டுக்குப் போய் நின்றது.
ஒன்றும் இல்லை.
இன்னும், என்றேன். ஒன்பது. இன்னும்.
பத்தில் கூரையைப் பார்த்தார்,
என் கடைக்கு மேலே யாரோ தூங்குவதுபோல.
பதினொன்று.
பன்னிரண்டில் ஒரு கிதார்,
இரண்டு காதிலும், மயிரிழை அளவு.
மூச்சை விட்டார்.

அடுத்த வருஷம் அவள் ஓய்வுபெறுகிறாளாம்.
அப்போது கொண்டுவாருங்கள், என்றேன்,
ரெசிஸ்டரைக் கழற்ற ஐந்து நிமிஷம்.
கம்பளியைச் சுற்றியபடி யோசித்தார்.
"இருக்கட்டும்," என்றார்.
"பகல்ல தூங்கியே பழகினவ."

ரசீதில் என்ன எழுதுவது?
'குமிழ் சுத்தம்' என்று எழுதி
பதினெட்டு யூரோ போட்டேன்.
ரொட்டித் தூளை மட்டும்
தட்டிவிடாமல் மூடியிருந்தேன்.