பூச்சியம் தசம் ஏழு

மலிபன் வீதியில் பேப்பர்க்கட்டு சுமப்பவர்களுக்கு
வழிவிட்டு வழிவிட்டே
கடைக்குள் வந்து சேர்ந்துவிட்டேன்.
ரிஸ்னா கண்ணாடி மேசையில்
ஏழெட்டுக் கிளிக் பென்சிலைப் பரப்பினாள்.
"எழுதவா, படம் கீறவா?"
இரண்டுக்கும் என்றேன்.
"அப்ப கஷ்டம்" என்றாள், சிரிக்காமல்.

காலி வீதியில் வாகனம் முட்டினால்
காப்புறுதிக் கம்பனி என்னை அனுப்பும்.
ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் வெள்ளத்தில்,
நசுங்கிய மட்கார்டைக் கீறி
பக்கத்தில் அளவு எழுத வேண்டும்.
போன் படம் எடுக்கும்தான்.
எது பழைய சிராய்ப்பு, எது இன்றையது
என்று அதற்குத் தெரியாது.
பேனை மழையில் அழும்.
மூன்று பஸ் ஹோர்ன் அடிக்கிற இடத்தில்
மரப்பென்சிலைச் சீவிக்கொண்டு யார் நிற்பது?

முதலில் தசம் மூன்று.
கொப்பியை மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்து
எழுதுகிறவளுக்கு இது ஆகாது.
'ஞ'வின் வளைவு முடியுமுன் முறிந்தது.
துண்டை ரிஸ்னா ஊதித் தள்ளினாள்.

அடுத்ததற்கு இறப்பர்ப் பிடி. மெத்தென்றிருந்தது.
தெரியும் எனக்கு இந்த மெத்து.
கொழும்பு வியர்வையில் ஆறு மாதம் போனால்
வாயிலிட்டுத் துப்பிய இனிப்பு மாதிரி ஒட்டும்.

மூன்றாவது முழுக்க உலோகம்,
ஏசியில் குளிர்ந்து, எடையாய், அழகாய்.
முனைக்குழாய் நீட்டிக்கொண்டு நின்றது:
அடிமட்டத்தின் ஓரம் ஓட நல்லது,
பொக்கற்றில் கிடந்து நெஞ்சைக் குத்தவும் நல்லது.
ஒருதரம் தலைகீழாய் விழுந்தால்
ஆயிரத்து எண்ணூறு ரூபாவுக்கு ஒரு கும்பிடு.

எழுதிப் பார்க்கவென்று கிடந்த தாளைப் பார்த்தேன்.
பாதிப் பெயர்கள்.
சிங்களத்தில் ஓர் 'அம்மா'.
கவராயம் இல்லாத வட்டம்.
ஒருவர் மட்டும் முழு விலாசம்,
தெமட்டகொட, வீட்டு இலக்கத்தோடு.
பென்சில் சோதிக்க
யாரும் பொய் எழுதுவதில்லைப் போல.

போன வெள்ளி, பம்பலப்பிட்டிச் சந்தி.
செபமாலையின் வான், இந்திக்கவின் ஓட்டோ.
"மிஸ், அந்த வெள்ளைக்கோட்டைக்
கொஞ்சம் அங்கால தள்ளுங்கோவன்,
பென்சில்தானே" என்றார் செபமாலை.
அரை அங்குலம்தான் கேட்டார்.
இந்திக்கவுக்குத் தமிழ் விளங்காது.
என் கையிலிருந்த அழிறப்பர் விளங்கியது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நான் அழிக்கவில்லை.
அழிக்க மாட்டேன் என்று சொல்லவுமில்லை.
மழை வந்தது, கொப்பியை மூடினேன்.

"அழிச்சாலும் தடம் நிக்கிற கூர் இருக்கா?"
ரிஸ்னா நிமிர்ந்தாள்.
"எல்லாரும் சுத்தமா அழியிறதத்தான் கேக்குறாங்க."
உள்ளே போய் ஒரு தசம் ஏழு கொண்டுவந்தாள்.
வரிவரியாய்ச் செதுக்கிய பிளாஸ்டிக் உடம்பு,
உள்ளே ஒடுங்கும் முனை,
கூரை இறுகப் பற்றும் பித்தளைத் தாடை.
எச்பி வேண்டாம், எச் போட்டுப் பாருங்க என்றாள்,
வெளிறும், ஆனா தாள்ல பள்ளம் விழும்.

தெமட்டகொட விலாசத்துக்குக் கீழே
அந்தச் சந்தியைக் கீறினேன்.
ஓட்டோ, வான், நடுவில் கோடு.
கோட்டை அழித்தேன்.
தாளை வெளிச்சத்துக்குச் சரித்தேன்.
இருந்தது.
அறுநூற்றைம்பது ரூபா. பேரம் பேசவில்லை.

நூறாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
கொப்பியை விரித்து, இரண்டு கிளிக்,
வெள்ளிக்கிழமைக் கோட்டின் மேலேயே
அழுத்தி இன்னொரு கோடு.
கொள்ளுப்பிட்டியில் சாரதி பிரேக் அடித்தார்.
என் கை ஒரு மயிரிழை
செபமாலை கேட்ட பக்கமே போயிற்று.

அழிறப்பரைத் தேடி
மூடியைக் கழற்றினேன்.
பக்கத்து சீற்றுக்காரர்
என் கையையே பார்த்தார்.