நானூற்று ஒன்று

நானூறு தொட்டிகள் என்னிடம் இருக்கின்றன.
ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
உரக்கடைக்கு மேல்மாடியில்
பூச்சிமருந்து நெடியோடு ஓடும் மடிக்கணினிக்குள்
ஊர் ஊராய் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
பாப்பாரப்பட்டிக்கு ஆறு. பென்னாகரத்துக்குப் பதினொன்று.
காரிமங்கலத்துக்கு எத்தனை என்று மறந்துவிட்டது.

என் வேலை கெடுப்பது.
இணைப்பை அறுப்பேன். பேட்டரியைச் சாகடிப்பேன்.
ஒரு சென்சாருக்கு மட்டும் நேற்றைய தேதி கொடுத்து
செயலி குழம்புகிறதா பார்ப்பேன்.
சித்திரை மாதத்தை ஒரே நாளில்
நாலு முறை நடத்தியிருக்கிறேன்.
போன வாரம் மாரண்டஅள்ளி
பதினேழு தடவை வறண்டது;
மணி அடித்தது பதினாறு தடவை.
விட்டுப்போன அந்த ஒன்றுக்காக
தணிகாசலம் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

எல்லாம் முடிந்தால் ஒரு பொத்தான்.
அழுத்தினால் மாவட்டமே நிறையும்.

செவ்வாய் இரவு ஒன்றரை மணிக்கு
பட்டியலில் நானூற்று ஒன்று.
பெயர் இல்லை, எண் மட்டும்.
இறங்கிக்கொண்டிருந்தது,
நான் எழுதியவை போல நேர்கோட்டில் அல்ல.
கொஞ்சம் இறங்கும், நிற்கும்,
ஒரு நூல் ஏறி மறுபடி இறங்கும்,
அழுது ஓய்ந்த குழந்தை விசும்புகிற மாதிரி.

யார் எழுதினது, அருமையாய் இருக்கே
என்று குழுவில் போட்டேன்.
நான் இல்லை என்றான் தணிகாசலம்.
ஷமீமா கொட்டாவி விடும் பொம்மை அனுப்பினாள்.

அறுபது. நாற்பத்தாறு. முப்பத்தெட்டு.
பொத்தானை அழுத்தினேன்.
நானூறும் நிறைந்தன.
அது நிறையவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
சொன்னால் சிரிப்பீர்கள், நாலு முறை.

பிறகுதான் உறைத்தது.
புதன்கிழமை மாட்ட வேண்டிய முதல் நிஜக் கருவியை,
மழை வரும்போல இருக்கு என்று,
சாயங்காலமே ஏணி வைத்து ஏறி
மாட்டிவிட்டிருக்கிறார் தீர்த்தகிரி.
இண்டூர்ப் பக்கம். எண்பது வீட்டுக்கு அது ஒன்றுதான்.

போன் அடித்தேன்.
இதற்கு மட்டும் ஒத்திகை இல்லை.

"அண்ணா, தொட்டி ஒழுகுது."
"யாரு பேசறது?"
"முப்பத்திரண்டுக்கு வந்துடுச்சு."
"நீங்க எந்தத் தெரும்மா?"

வண்டி கிளம்பும் சத்தம், நாய்கள்,
அப்புறம் துருப்பிடித்த வால்வு
திருகப்படுகிற முனகல்.
இருபத்தொன்பதில் நின்றது கோடு.

மணி அடிக்கவே இல்லை என்பதை
காலையில் பல் துலக்கும்போதுதான் கவனித்தேன்.
இருபத்தைந்துக்குக் கீழே போனால் அடி என்று
எழுதியிருந்தது நான்தான்.