மெதுவாக ஆறணும்

எல் ஆல்டோ மலைமேட்டில் காற்றே அரைப்படிதான்.
அதிலும் வாராவுக்கு
மூக்கின் பின்கதவை எலும்பு அடைத்திருந்தது.
அழுதால் சிவப்பாள். நிறுத்தினால் நீலம்.
அழுகை ஓயக்கூடாதே என்று
பதினோரு நாள் விழித்திருந்தாள் எவுசேபியா.

துளைத்தாயிற்று.
இனி அவசரம் சதைக்கு;
புண்ணென்றால் மூடத்தானே தெரியும் அதற்கு.

ஊதா மருந்தில் நனைத்த பஞ்சு, கடலைப்பருப்பளவு.
வைத்துவிட்டுக் கடிகாரம் பார்த்தார் டாக்டர் கீஸ்பே.
நான்கு நிமிடம். பிறகு உப்புநீர்.

வெளியே, மாதா சிலைமுன்,
'சீக்கிரம் ஆறணும்' என்றாள் எவுசேபியா.
நர்ஸ் திருத்தினாள்:
'மெதுவாக ஆறணும்னு கேளுங்க.'
யோசித்தாள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து
மறுபடி ஏற்றினாள்.

இரவு வாய்மூடித் தூங்குகிறது குழந்தை,
சத்தமே இல்லாமல்.
அம்மாவுக்குத்தான் பழகவில்லை.
எழுந்தெழுந்து
மூக்கின்கீழ் விரல் வைக்கிறாள்.
ஐந்தாம் தரமும்
இளஞ்சூடு.