ஐந்து கிலோ

குத்தாயிசியில் மழை.
தையல்கூடம் விட்டு நெஸ்தான் வரும்போது
மணி ஏழே முக்கால்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில்
டாக்டர் சீட்டு: வெண்ணெய் வேண்டாம்.

தோலுரித்த கோழி நெஞ்சுக்கறி,
உப்பு, நசுக்கிய பூண்டு,
சட்டியில் பேருக்கு எண்ணெய்.
கறிமேல் தட்டு.
தட்டின்மேல் ஏதாவது பாரம் வைத்தால்
சீக்கிரம் வேகும்.

கட்டிலடியில் துழாவினாள்.
இளைக்கப் போகிறேன் என்று மல்காஸ்
புத்தாண்டுக்கு வாங்கி
ஒரே நாள் தூக்கிய இரும்பு
தூசியோடு கிடந்தது.
கழுவி ஏற்றினாள்.
சுர்ரென்றது சட்டி.

வாசனைக்கு எழுந்து வந்தான்.
"திருப்பணும், தூக்கு."
துணி சுற்றித் தூக்கினான்.
"ஒண்ணு" என்றாள்.
கறியைப் புரட்டினாள். வைத்தான்.

நாலு நிமிடம்.
கொத்தமல்லி நறுக்கி, புளிப்புப் பிளம் துவையலை
வழித்துப் போட்டாள்.

"ம், தூக்கு."

"ரெண்டு" என்றான்
அவனே.