ஓட்டைக் கூடு

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி.
மாதம்மாளின் தட்டைக் கிளறியவர்
ஒன்றைச் சுண்டி ஒதுக்கினார்:
"ஓட்டை. இதுல இழை அறுந்துபோகும்."

மகனுக்குக் காய்ச்சல்; மூன்று நாள் தாமதம்.
அதற்குள் உள்ளே ஒன்று விழித்து
வாயோரம் ஒரு துளி கசிந்திருக்கிறது.

புழு நூற்றது புரதம்.
அந்தத் துளியில் இருந்ததும் புரதம்.
பசை எங்கே என்று தடவிப் பார்த்து
ஒரு பிணைப்பை வெட்டும்,
தான் தேயாமல்
அடுத்ததற்கு நகரும்.
கத்தி இல்லை, பல் இல்லை, கூலியும் இல்லை.

மற்ற கூடுகள் நாளை ஆவியில் வேகும்.
துளிக்குள் இருந்த வேலையாளும்
அங்கேயே உருக்குலைவான்.
வெந்த முட்டை திரும்பப் பச்சையாகுமா?

பென்னாகரம் பேருந்தில்
ஓட்டைக் கூடு மாதம்மாளின் சுருக்குப்பையில்.
இரவு, காய்ச்சல் விட்ட பையன்
அதைச் சுண்டுவிரலுக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு
கஞ்சி கேட்டான்.